எக்சோஸ் மாற்றும்போது காலையும் காதையும் கவனியுங்கள்



லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். கடைக்கு, கோயிலுக்கு, கிளினிக்கில் மருந்து எடுக்க, செம்பனைக் காட்டுக்குள் வேலைக்கு என எல்லாவற்றுக்கும் அந்தச் சின்ன வண்டிதான். மழையும் சேறும் உரத்தூளும் படுகிற வண்டியில் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழும் பாகம் எக்சோஸ். ஓட்டை விழுந்தால் பட்டறைக்குப் போய் வேறு குழாய் போடுகிறோம். சில வீடுகளில் ஓட்டை விழுவதற்கு முன்பே, சத்தம் வேண்டும் என்பதற்காகப் பேரன் வேறு குழாய் வாங்கி மாட்டிவிடுகிறான்.

இந்தப் பாடம் அந்த மாற்றுக் குழாயைப் பற்றியது. சுகாதாரக் கையேட்டில் வண்டிப் பாகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்கள் வலது கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊரில் பரவலாக ஓடும் சிறிய வண்டிகளில் எக்சோஸ் குழாய் வலது பக்கத்தில்தான் போகிறது. அந்த இடத்தில் வட்டமாகவோ நீளமாகவோ ஒரு பழைய தழும்பு இருந்தால், அது எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். முப்பது வயதில் பட்ட சூடு இரண்டு வாரத்தில் ஆறியிருக்கும். அறுபத்தைந்து வயதில், உடம்பில் இனிப்பு நீரும் இருக்கும்போது பட்டால், அது அப்படி ஆறுவதில்லை.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்குத் தமிழில் புகைபோக்கி என்று எழுதலாம். மொழிபெயர்ப்பவள் என்ற முறையில் எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் பட்டறையில் போய்ப் புகைபோக்கி வேண்டும் என்று கேட்டால், அடுப்படிக்கா என்று போமன் திருப்பிக் கேட்பார். ஆகவே எக்சோஸ் என்றே எழுதுகிறேன். அதேபோலத்தான் கப்சாய். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா கப் வண்டியின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் கண்டோனீஸ் சொல் சேர்ந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஹோண்டா இஎக்ஸ்5, யமஹா லெகெண்டா, 1996-இல் கெடா மாநிலத்தின் குருனிலிருந்து வந்த மோடெனாஸ் கிரிஸ் எல்லாமே நமக்குக் கப்சாய்தான்.

குழாய் எவ்வளவு சுடும்?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்ததும் வெளியேறும் புகை நேராக இந்தக் குழாய்க்குள்தான் வருகிறது. கொஞ்ச தூரம் ஓடிய வண்டியில், இன்ஜினுக்குப் பக்கத்தில் குழாயின் மேற்பரப்பு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். நம் தோலுக்கு அவ்வளவு தேவையில்லை. 60 டிகிரிச் சூடு ஏறக்குறைய 5 விநாடி பட்டால் தோல் ஆழமாக வெந்துவிடும். 70 டிகிரி என்றால் ஒரே விநாடி போதும். "பட்டென்று காலை எடுத்துவிட்டேன்" என்று சொல்கிறவர்களுக்கும் புண் ஆழமாக இருப்பது இதனால்தான்.

வண்டியை நிறுத்தியதும் குழாய் உடனே ஆறிவிடாது. இன்ஜின் நின்றால் காற்றும் நின்றுவிடுகிறது. கோயில் வாசலில் நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு நடுவே கைலியோடும் சிலிப்பரோடும் நுழைந்து போகிறவருக்கும், அங்கே ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும் சூடு படுவது இப்படித்தான். எந்த வண்டி இப்போதுதான் வந்தது, எது காலையிலேயே வந்தது என்பது பார்த்தால் தெரியாது.

2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார, நோய் ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் காலில் உள்ள நரம்புகள் பழுதாகின்றன. கால் மரத்துப் போகிறது, அல்லது பஞ்சில் நடப்பது போல இருக்கிறது. இப்படிப்பட்ட கால் சூடான குழாயில் சாய்ந்திருந்தாலும் சுடுகிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். கிருமி புகுந்தால் விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரைக்கும் போகலாம்.

ஓட்டுகிறவரைவிடப் பின்னால் உட்காருகிறவருக்கு ஆபத்து அதிகம். ஓட்டுகிறவரின் கால் பிரேக் பெடலில் நிலையாக இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கால், மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது நகரும்; இறங்கும்போது குழாயின் மேலேயே வழுக்கும். வண்டியின் பக்கக் கால் இடது பக்கம்தான் இருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் அந்தப் பக்கமாகவே இருக்கட்டும். முழங்காலுக்குக் கீழே வரை மூடும் பருத்தி உடையும் மூடிய காலணியும் நல்லது. நைலான் துணி வேண்டாம். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

மேலே இருக்கும் அந்தத் தகடு

கம்பெனியிலிருந்து வந்த எக்சோஸைக் கவனித்துப் பாருங்கள். குழாயின் மேல், கால் படும் பக்கத்தில், ஒரு தனித் தகடு திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். அதற்கும் குழாய்க்கும் நடுவே சிறிய இடைவெளி. அந்த இடைவெளியில் இருக்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அலங்காரத்துக்காக வைத்தது என்று நினைத்துப் பலர் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். திருகாணி துருப்பிடித்து, தகடு கடகடவென்று ஆடத் தொடங்கினால், அந்தச் சத்தம் பொறுக்காமல் பிடுங்கி எறிகிறவர்களும் உண்டு.

பட்டறைகளில் கிடைக்கும் மாற்றுக் குழாய்கள் பொதுவாக மூன்று வகை. கம்பெனியின் அசல் பாகம் ஒன்று. அசலைப் போலவே தோன்றும், விலை குறைந்த குழாய் இன்னொன்று. மூன்றாவது, பந்தய வண்டியில் இருப்பதைப் போன்ற நேர்க்குழாய். இரண்டாவது வகையில் தகடு சில சமயம் மெல்லியதாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. மூன்றாவது வகையில் பெரும்பாலும் குழாய் வெறுமனே திறந்து கிடக்கும். வளைந்து மேலேறி வருவதால் பின்னால் உட்காருகிறவரின் காலுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

விலை குறைந்த குழாயே வாங்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டச் சம்பளத்தில் அசல் பாகத்தின் விலை எவ்வளவு பெரியது என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய குழாயில் உள்ள தகடு நல்ல நிலையில் இருந்தால் அதைப் புதுக் குழாயில் மாட்ட முடியுமா என்று போமனிடம் கேளுங்கள். பொருந்தாவிட்டால் தனியாகத் தகடு வாங்கிப் பூட்டச் சொல்லுங்கள். குழாய்க்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் அது சிறிய செலவு.

மாட்டும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்

ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் நம்மில் நிறைய பேர். பால்மரக் காலத்திலிருந்தே சைக்கிளையும் மோட்டாரையும் வீட்டிலேயே பிரித்து மாட்டியவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? ஆனாலும் வேலையைப் பேரன் செய்தாலும் போமன் செய்தாலும், கீழே சொல்பவை நடக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்த உடனே கழற்றத் தொடங்குவதுதான் பட்டறையில் கையில் சூடு படுவதற்குக் காரணம். இராத்திரி நிறுத்திக் காலையில் கழற்றுவது உத்தமம்.

இன்ஜினின் தலைப்பகுதியில் குழாய் சேரும் இடத்தில் பொதுவாக இரண்டு நட்டுகள் இருக்கும். துருப்பிடித்திருந்தால் அவற்றை வேகமாகத் திருகக்கூடாது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துச் சிறிது நேரம் விட வேண்டும். நட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் ஸ்டட் உடைந்துவிட்டால், அதைத் துளைபோட்டு எடுப்பது பெரிய வேலை. பிறகு பின்பக்கம் சட்டத்தில் பூட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றினால் குழாய் கையோடு வந்துவிடும். சில வண்டிகளில் கால் வைக்கும் கம்பியையும் கழற்ற வேண்டியிருக்கும்.

குழாயும் இன்ஜினும் சேரும் வாயில் வளையம் போல ஒரு கேஸ்கெட் இருக்கிறது. இறுக்கும்போது அது நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது இன்னொரு முறை சரியாக அடைக்காது. பழையதையே திரும்பப் போடுவதுதான் நான் கேள்விப்பட்ட எல்லாச் சிக்கனங்களிலும் வீணான சிக்கனம். சில ரிங்கிட் பொருள். புதியதுதான் போடுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள்.

மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்ற வேண்டும். பிறகு முன்னால் உள்ள இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் பின்பக்கப் போல்ட்டை இறுக்க வேண்டும். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்டு நிற்கும். ஓட ஓடப் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும்.

இறுக்கி முடித்ததும் பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள், கிக் ஸ்டார்ட்டரை ஒருமுறை உதையுங்கள், நடுக் காலைப் போட்டு எடுங்கள். எதுவும் குழாயில் இடிக்கக்கூடாது. பின்னால் வழக்கமாக உட்காருகிறவரை, வண்டி சூடாவதற்கு முன், ஏற்றி உட்கார வையுங்கள். அவருடைய கெண்டைக்கால் எங்கே வருகிறது, தகடு அந்த இடத்தை மூடுகிறதா என்பதை அப்போதுதான் சரியாகப் பார்க்க முடியும். இதை யாரும் செய்வதில்லை. இரண்டு நிமிட வேலை.

புதுக் குழாயில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு இன்ஜினை முடுக்குங்கள். முதல் சில நிமிடம் கொஞ்சம் புகை வரலாம், பயப்பட வேண்டாம். வாய்ப்பகுதியில் டப் டப் என்று காற்று அடிக்கும் சத்தம் கேட்டாலோ, சில நாள் கழித்து அங்கே கரி படிந்திருந்தாலோ புகை கசிகிறது என்று பொருள். ஒரு வாரம் ஓடியபின், இன்ஜின் ஆறியிருக்கும்போது, நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குவது நல்லது.

கசிவு ஏன் முக்கியம்? எக்சோஸ் புகையில் கார்பன் மோனோக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியில் ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் மழைக்கால விடியலில், வீட்டோடு சேர்ந்த கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினைச் சூடாக்கினால், அந்தப் புகை அடுப்படிக்குள்ளும் படுக்கை அறைக்குள்ளும் நிறையும். தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். இருதய நோய் உள்ளவர்களை அது சீக்கிரம் பாதிக்கும். குழாய் புதியதோ பழையதோ, வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய் முடுக்குங்கள்.

சத்தம்

கம்பெனி எக்சோஸின் பருத்த பகுதிக்குள் சிறு சிறு அறைகளும், துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. சத்தம் அவற்றில் மோதித் திரும்பி அடங்குகிறது. நேர்க்குழாயில் அந்த அறைகள் இல்லை. சிலர் உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் குழாயையும் வேண்டுமென்றே உருவி எடுத்துவிடுகிறார்கள்.

வேலையிடச் சத்தத்துக்கு நம் நாட்டில் 2019 முதல் உள்ள விதிமுறையின்படி, ஒரு தொழிலாளிக்கு 8 மணி நேரத்துக்கான சராசரி வரம்பு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் வெறும் கால் மணி நேரம். தொழிற்சாலைக்காகப் போட்ட கணக்கு இது. ஆனால் காதுக்குத் தொழிற்சாலை என்றும் தெரு என்றும் தெரியாது.

நம் பெரியவர்களில் பலர் பால் பதனிடும் ஆலையிலும், எண்ணெய் ஆலையிலும், புல்வெட்டும் இயந்திரத்தோடும் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். அந்தக் காலத்தில் காதுக்கு அடைப்பு போடும் பழக்கம் பரவலாக இல்லை. அந்தக் காதில் ஏற்கெனவே சேதம் இருக்கலாம். சத்தத்தால் கெட்ட உள்காது நரம்புகள் திரும்ப வளர்வதில்லை. காதில் ஓயாமல் ரீங்காரம் கேட்பதும் அதன் அறிகுறிதான். பேச்சுக் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை, எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று தோன்றினால், கிளினிக்கில் சொல்லிக் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் ஒரே ஒரு நேர்க்குழாய் வண்டி போனால் போதும், லயத்தில் தூங்கும் குழந்தையும் நோயாளியும் எழுந்துவிடுவார்கள். பேரனிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். திட்டினால் கேட்பானோ மாட்டானோ. சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள். 1987-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகளும், அதே ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இருக்கின்றன. காவல் துறை, சாலைப் போக்குவரத்து இலாகா, சுற்றுச்சூழல் துறை மூன்றும் சோதனை நடத்துகின்றன. சம்மன் மட்டுமன்றி வண்டியையே பறிமுதல் செய்யவும் முடியும். வண்டி தாத்தா பெயரில் பதிவாகியிருந்தால், அதை மீட்க தாத்தாதான் அலைய வேண்டியிருக்கும். இதைச் சொன்னால் அநேகமாகக் கேட்பான்.

சூடு பட்டுவிட்டால்

உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விட்டுச் சூடு பட்ட இடத்தைக் காட்டுங்கள். இருபது நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே முடியாவிட்டாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கொலுசு, மெட்டி போட்டிருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். உடம்பு நடுங்காமல் இருக்க மற்றப் பகுதியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

பற்பசை, சோயா கிச்சாப், சமையல் எண்ணெய், முட்டை வெள்ளை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். முன்பு தோட்டத்து டிரெசர் போட்டுவிட்ட மஞ்சள் மருந்தையும் ஊதா மருந்தையும் நம்பிக்கையோடு நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிறமுள்ள மருந்தைப் பூசிவிட்டால் புண் எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவரால் பார்க்க முடியாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக்கையோ சுத்தமான துணியையோ தளர்வாக வைத்து மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

வலி இல்லை, ஆகவே பரவாயில்லை என்று இருந்துவிடாதீர்கள். தோல் வெளுத்தோ, தோல்பை போலத் தடித்தோ இருந்து வலிக்கவில்லை என்றால், வலியை உணரும் நரம்பே வெந்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் ஆழமான புண். இனிப்பு நீர் உள்ளவர்கள், புண் சிறியதாக இருந்தாலும், அன்றைக்கே காட்ட வேண்டும். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரமாகியும் மூடவில்லை என்றாலோ, அடுத்த முறை வரச்சொன்ன தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இராத்திரி படுப்பதற்கு முன் வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். பாதத்தோடு நிறுத்திவிடாமல் முழங்கால் வரைக்கும் பாருங்கள். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. கைக்கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா, ஜெம்போல், தம்பின் ஆகிய இடங்களில் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. புண் பெரியதாக இருந்தால், அல்லது வண்டியோடு விழுந்து அடியும் பட்டிருந்தால், 999-க்கு அழையுங்கள். மற்றபடி அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கே போதும். போகும்போது இனிப்பு நீர் சிகிச்சைப் புத்தகத்தையும், சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.